இரண்டு கீறல்

ஜனவரி 6, திங்கள்

உம்மா கண்மூடி, அவர்களுடைய அலமாரிச் சாவி என் கைக்கு வந்து ஒரு வருடமாகிறது. இன்றுதான் அதைப் பூட்டுக்குள் விட்டேன். பூட்டு அடம்பிடித்தது. தேங்காயெண்ணெய் விட்டு, பிஸ்மி சொல்லி, உலக்கைப் பூணால் இரண்டு தட்டுத் தட்டின பிறகுதான் வழிக்கு வந்தது.

உள்ளே எல்லாம் வைத்தபடியே இருந்தன. ஜெர்மன் பீங்கான். பால் மாதிரி வெள்ளை, விளிம்பு முழுக்கத் தங்கம், நடுவே பூங்கொத்து. சோற்றுத் தட்டு, குழித்தட்டு, மீன் வைக்கிற நீளத்தட்டு, மூடி போட்ட ஒரு பெரிய கிண்ணம். உம்மாவின் வாப்பா கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம் பார்த்தபோது, சொந்த ஊருக்குக் கப்பலேறிய ஒரு ஜெர்மன்காரரிடம் வாங்கினாராம். ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆலிம் சொன்னாராம், தங்கப் பாத்திரத்தில் சாப்பிடுவது நமக்கு ஆகாது, விளிம்பில் இருந்தாலும் விலகியிருப்பதே நல்லது என்று. அன்றைக்கு அலமாரிக்குள் போனதுதான். ஒரு வாய் சோறு பார்க்காத தட்டுகள். உம்மா எங்களைக் கண்ணாடியைத் தொடவே விடமாட்டார்கள், அப்புறம் எங்கே தட்டைத் தொடுவது!

விற்கத்தான் போகிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது? காயல்பட்டினத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு, முடியாவிட்டால் ஒரு மாடியாவது வேண்டும். கீழ்வீடு மூத்தவளுக்கு என்று எழுதியாகிவிட்டது. இளையவள் ஹஃப்ஸாவுக்கு மாடி. அந்த மாடி சுவரோடு நிற்கிறது, மேலே தார்ப்பாய் படபடக்கிறது. இவர் சென்னை மண்ணடியில் வைத்திருந்த கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்த நாளிலிருந்து கொத்தனார் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இருபத்தாறாம் தேதி நிச்சயம். மாப்பிள்ளையின் உம்மா ராபியத்து மாமி மாடிப்படி ஏறிப் பார்க்காமல் போகிற ஆள் இல்லை.

துடைத்துக்கொண்டிருந்தபோது முடுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. நம் பெண்கள் நடக்கிற சந்துதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹபீபா. உம்மாவின் தங்கச்சி மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என் கல்யாணத்தோடு பேச்சு அறுந்தது.

என் கல்யாணக் களறிச் சாப்பாட்டில், அவளுடைய உம்மா, என் சாச்சி, பாதிச் சோற்றில் எழுந்து நின்றார். “அந்தப் பீங்கான்ல பாதி என் பங்கு. வாப்பா எனக்குத் தந்தாஹ. கவுத்திப் பாருங்கோ! கவுத்திப் பாருங்கோ!” என்று கத்தினார். உம்மா பதிலுக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், “பொய்ச்சி.” பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கவிழ்த்தால் என்ன தெரியும், தட்டின் பின்பக்கம்தான் தெரியும்! சாச்சி அப்படியே வெளியே போய்விட்டார்.

ஒரு பெண்ணின் கல்யாணச் சோற்றில் மண்ணள்ளிப் போட்ட குடும்பம். ஜன்னலைச் சாத்தினேன்.

ஜனவரி 8, புதன்

மதுரையிலிருந்து வியாபாரி சந்தானம் வந்தார். பழைய சாமான் வாங்குகிறவர். ஒரு தட்டைத் தூக்கியதும் முகம் மாறியது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

“அம்மா, இது மைசன். ஜெர்மனியில பேர்போன சூளை. இந்தா, நீலத்துல ரெண்டு வாளு குறுக்க இருக்கு பாருங்க, அதான் முத்திரை” என்றார். பிறகு கண்ணாடியை மூக்குக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ‘ச்சு’ கொட்டினார். “அட, இங்கிட்டுப் பாருங்க. வாளு மேலேயே கீறியிருக்கு.”

பார்த்தேன். வாள்களுக்குக் குறுக்கே ஒரு கீறல். அடுத்த தட்டிலும் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு.

“சூளையில வேகும்போது புள்ளி, வளைவு, எதாச்சும் குத்தம் வந்திருச்சுன்னா, அவங்களே முத்திரையக் கீறி ஒதுக்கிருவாங்கம்மா. ஒரு கீறல்னா லேசான குத்தம். ரெண்டுன்னா கழிவு. உங்க சாமான் பூராவும் கீறின சரக்குதான்.”

“கழிச்ச சரக்குக்கா இவ்வளவு தங்கத்தைப் பூசுவான்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் பூசி விப்பாங்கம்மா, விலை கம்மியா.”

அவர் சொன்ன தொகையில் மாடிக்கு ஜன்னல்கூட வைக்க முடியாது. நான் வாயைத் திறக்கும் முன்னால் இவர், “சரி, எடுத்துக்கிடுங்கோ” என்று சொல்லிவிட்டார். கசாப்புக் கடையில் தோலுக்கு விலை பேசுகிற மாதிரி! இருபதாம் தேதி பெட்டியும் வைக்கோலும் கொண்டுவருகிறாராம். அவர் தலை மறைந்ததும் இவரைப் பிடித்துக்கொண்டேன். “கல் வியாபாரி வீட்டுல பெண் எடுத்துட்டு, பேரம் பேசக்கூடத் தெரியலையே உங்களுக்கு!” தொப்பியை எடுத்துக்கொண்டு அஸர் தொழப் போய்விட்டார். இந்த நேரத்தில் மட்டும் பள்ளிவாசல் ஞாபகம் வந்துவிடும்.

ஜனவரி 9, வியாழன்

ஹஃப்ஸா தார்ப்பாய்க்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, டீ குடிக்கக் கூப்பிட்டாலும் இறங்கி வரவில்லை. அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு இரவல் போன சஹன்கள் திரும்பி வந்தன. செம்பில் செய்த பெரிய தாலம், ஒன்றைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். உம்மாவின் வாப்பா இரண்டு மகளுக்கும் ஒரே மாதிரி செய்து கொடுத்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் எப்போதும்போல எல்லாவற்றையும் கலந்து நம் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பிரித்து எடுப்பது பெரிய வேலை இல்லை. கவிழ்த்தால் அடியில் கீறல் இருக்கும். ஒரு கீறல் மூத்த மகளுடையது, நம் வீடு. இரண்டு கீறல் இளைய மகளுடையது, எதிர்வீடு. வேலைக்காரி தலையில் ஏற்றி அனுப்பிவிட்டால் நானும் அவளும் முகம் பார்க்க வேண்டியதில்லை.

சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை, கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். உம்மாவின் வாப்பா தன் கையாலேயே போட்ட கீறல். நேராக இறங்கி, அடியில் இடப்பக்கமாகச் சின்னதாக ஒரு வளைவு வளையும்.

பாதி அடுக்கும்போது கை நின்றுவிட்டது.

மீதியை வேலைக்காரியையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தலைவலி.

ஜனவரி 13, திங்கள்

இன்று அலமாரியைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்?

ஜனவரி 15, புதன்

ஹஃப்ஸா சும்மா இருக்கவில்லை. போனில் துழாவி, சென்னையில் பழைய பீங்கான்களை மதிப்பிட்டு எழுதிக் கொடுக்கிற ஒரு அம்மாவைப் பிடித்துவிட்டாள். அனுசூயா என்று பெயர். லுஹருக்குப் பிறகு வீடியோவில் வந்தார். கறாரான பேச்சு, ஆனால் காது கொடுத்துக் கேட்கிறார்.

தட்டுக்குப் பின்னால் டார்ச் அடிக்கச் சொன்னார். அடித்தால் விரல் நிழல் இந்தப் பக்கம் தெரிந்தது. “நல்ல பீங்கான்னா வெளிச்சம் விடும்மா.” நீல வாளை நகத்தால் சுரண்டச் சொன்னார், வரவில்லை. “பளபளப்புக்கு அடியில வரைஞ்சது. சரி. வாளோட கைப்பிடி நுனியில சின்னக் குமிழ் இருக்கா?” இருந்தது. “அப்ப நூறு வருஷத்துக்கும் மேல.” பூதக்கண்ணாடி வைத்துத் தங்க விளிம்பைக் காட்டச் சொன்னார். தூரிகை போன தடம் தெரிந்தது. “கைவேலை. யாருமே இதுல சாப்பிட்டதில்லையா? தங்கம் புதுசா இருக்கே!” என்று வியந்தார். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

“இப்ப அந்தக் கீறலைக் காட்டுங்க.”

வெகுநேரம் பார்த்தார். ஒன்று மாற்றி ஒன்று காட்டிக்கொண்டே இருந்தோம்.

“யார் சொன்னாங்க கழிச்சதுன்னு? ஃபேக்டரிக் கீறல் சக்கரத்துல வச்சுத் தேய்க்கிறது. அதுக்கு வாலெல்லாம் இருக்காது. இது கையால இழுத்தது. வைர ஊசி மாதிரி எதோ ஒண்ணு. எல்லாத்துலயும் ஒரே ஆள் கை, அடியில இடப்பக்கமா வளைக்கிறார் பாருங்க. உங்க வீட்டுல யாராவது கல் வேலை பார்த்தாங்களா?”

“என் உம்மாவோட வாப்பா” என்றேன்.

“அப்ப இது முதல்தரச் சாமான்மா. ஆனா கீறல் எதுக்குன்னு விளக்கம் இல்லாம நான் எழுத முடியாது, வாங்குறவங்க நம்ப மாட்டாங்க. இதே கீறல் வேற சாமான்ல இருந்தா படம் அனுப்புங்க.”

போனை வைத்ததும் இவர் கையை உயர்த்தி அல்ஹம்துலில்லாஹ் என்றார். முதல்தரம் என்றால் மாடி முடிந்து மிச்சமும் இருக்குமாம். ஹஃப்ஸா அடுப்படிக்கு ஓடி ஒரு சஹனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“உம்மா, இதுலயே இருக்கே! அதே வளைவு! ஒரு கீறல் நம்மது…” என்றவள் நின்றாள். “அப்ப ரெண்டு கீறல் போட்ட தட்டெல்லாம்…”

“வாயை மூடு. உனக்கு எல்லாம் தெரியுமோ!” என்று கத்திவிட்டேன். அவள் சஹனைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள்.

ஜனவரி 16, வியாழன்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. இனிப்பே இல்லை.

ஜனவரி 18, சனி

உட்கார்ந்து யோசித்தேன். செம்பு வேறு, பீங்கான் வேறு. செம்பில் பங்குக்காகப் போட்டார் என்றால் பீங்கானிலும் அதற்காகவேதான் போட்டிருக்க வேண்டுமா? வரிசை தெரியப் போட்டிருக்கலாம். வைர ஊசியைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். கையில் வேலை இல்லாத மனுஷர் என்ன வேண்டுமானாலும் செய்வார்.

எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். சரிபாதி. சோற்றுத் தட்டு பாதிக்குப் பாதி, குழித்தட்டு பாதிக்குப் பாதி. நீளத்தட்டு ஒன்றே ஒன்று, அதில் ஒரு கீறல். மூடிக் கிண்ணம் ஒன்றே ஒன்று, அதில் இரண்டு. விலை அதில்தான் என்று அனுசூயா மேடம் சொன்னார், அது இல்லாமல் செட்டே இல்லையாம்.

உம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “ஹபீபா வந்தாளா? ஹபீபாவைக் கூப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சலில் பிதற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிதற்றல்தான். வேறென்ன? “வருவாஹும்மா, தூங்குங்கோ” என்று சொல்லித் தட்டிக் கொடுத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இவர் சொன்னார், “ஒரு கீறல் சஹனை மட்டும் படம் எடுத்து அனுப்பு. எண்ணிக்கைக்காகக் கீறினதுன்னு சொல்லு. பொய்யா அது? கீறினது உண்மைதானே. யாருக்குத் தெரியப் போவுது?”

அனுப்பிவிட்டேன். ‘எண்ணிக்கை தெரியப் போட்ட வீட்டு அடையாளம், வேறு ஒன்றும் இல்லை’ என்று என் கையாலேயே தட்டினேன். படத்தை எடுத்துத் தா என்று ஹஃப்ஸாவிடம் கேட்டபோது, “நீங்களே எடுங்கோ உம்மா” என்றாள். நானே எடுத்ததில் என் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

சந்தானம் பெட்டி, வைக்கோல், ஆட்டோ எல்லாவற்றோடும் வந்து நின்றார். விற்பதாக இல்லை என்றேன். “பேச்சு மாறுறீங்களேம்மா, பாய் சொன்னாரே” என்றார். “பாய் சொன்னார், பீங்கான் என் உம்மா வீட்டுது” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்தச் சொல் என் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அனுசூயா மேடத்திடமிருந்து பதில் வந்தது. விளக்கம் போதும், முதல்தரம் என்று எழுதித் தருகிறார். வாங்குகிற ஆளும் இருக்கிறாராம், இருபத்தெட்டாம் தேதி வருவாராம். இவர் கொத்தனாருக்குப் போன் போட்டார். நாளைக்கே வந்து அளந்துவிட்டுப் போவார்களாம்.

எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. நெஞ்சு மட்டும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று தெரியவில்லை. பிரஷரைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

ஐயோ, இன்று நடந்ததை எப்படி எழுதுவேன்.

மாடியில் கொத்தனார் அளந்துகொண்டிருந்தார். முடுக்குக் கதவை யாரோ தட்டினார்கள். கறிக்காரி என்று நினைத்துத் திறந்தேன். ஹபீபா. என் கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதவில் அவள் கை பட்டதில்லை. முன்முடி நரைத்திருக்கிறது. கையில் ஒரு சஹன்.

முகத்தைப் பார்க்காமல் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். “எங்க அடுக்குல கலந்து வந்துட்டுது. ஒரு கீறல். இது உங்கது. மத்தவஹ சாமான் எங்களுக்கு வேண்டாம்.”

கதவு நிலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால் நானும் பத்து வார்த்தை பேசியிருப்பேன்.

அன்றைக்கு நான் பாதியில் விட்டதை வேலைக்காரி அடியைப் பார்க்காமலே அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு செம்புச் சஹன். அதை வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. நான் ஒரு அலமாரியையே வைத்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 22, புதன்

தொழுதேன். துஆவில் என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

அஸருக்குப் பிறகு முடுக்கைக் கடந்து போனேன். நாலு எட்டுகூட இல்லாத சந்து.

ஹபீபா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பீங்கானைக் கவிழ்த்துப் பார்த்தேன் என்றேன். பாதியில் இரண்டு கீறல் இருக்கிறது என்றேன். சாச்சி சொன்னது நிஜம்தான் என்றேன். “நாளைக்கே எல்லாத்தையும் கொண்டுவந்து தந்துடறேன்.”

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்குத் தட்டு எதுக்குளா? அன்னையிலிருந்து மௌத்தாற வரைக்கும் எங்க உம்மா ஒரு கல்யாண வீட்டுக்கும் போகல்லை. போனா ‘கவுத்திப் பாருங்கோ’ன்னு சொல்லிக் காட்டுவாஹ. கூடப் பழகின புள்ளையள் என்னையே அப்படித்தான் கூப்பிட்டாஹ. உனக்குத் தெரியுமா?”

தெரியும். நானும் சிரித்திருக்கிறேன்.

“பொய்ச்சின்னு சொன்னது ஊரு முன்னால. இப்போ என் வீட்டுக்குள்ள வந்து என் காதுல நிஜம்னு சொன்னா ஆச்சா? ஞாயித்துக்கிழமை ஆளுங்க வர்றாஹ தானே. அங்கே வச்சுக் கவுத்து.”

“ராத்தா, ஹஃப்ஸா காரியம் கெட்டுப் போயிரும்.” சின்ன வயதில் அக்கா முறையில் கூப்பிட்ட ராத்தா எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

“உன் கல்யாணம் கெட்டுப் போகலையே. எங்க உம்மாதானே கெட்டுப் போனாஹ” என்றாள். அப்புறம் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 24, வெள்ளி

வீட்டில் ரகளை. “உனக்குப் பைத்தியமா? மௌத்தான உன் உம்மாவைச் சபையில இழுக்கப் போறியா? பங்கைத் திருடின வீடுன்னு பேரு வந்தா அந்த மாமி பெண் எடுப்பாளா?” என்றார் இவர்.

“இழுக்க நான் யாரு? சாச்சியைச் சபையில இழுத்தது எங்க உம்மாதான். அடுத்தவஹ பங்கை, ஹக்கை வச்சுக்கிட்டுக் கபுருக்குழியில எப்படிங்கோ நிம்மதியாப் படுத்திருப்பாஹ? கேட்டாஹளே, ஹபீபா வந்தாளா, ஹபீபா வந்தாளான்னு! நான் தட்டித் தூங்க வச்சுட்டேனே!” சொல்லும்போதே ஓவென்று அழுதுவிட்டேன். இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அனுசூயா மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்ப ரெண்டு பேரும் ஒத்துக்காம விக்க முடியாதும்மா. வர்றவரை நிறுத்திடறேன்” என்றார். கொத்தனாரையும் நிறுத்தியாயிற்று.

ஹஃப்ஸாவிடம் தனியாகக் கேட்டேன். சம்பந்தம் போனாலும் போகலாம், நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் நகத்தைக் கடித்தாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, எனக்குத் தெரியாதா? கடைசியில், “நிச்சயத்துக்கு முன்னாலேயே சொல்லுங்கோ உம்மா. மோதிரம் போட்ட பிறகு சொன்னா ஏமாத்தின மாதிரி ஆயிரும்” என்றாள்.

ஜனவரி 25, சனி

இடித்தது, அரைத்தது, நெய்சோற்றுக்கு அரிசி களைந்தது. கை ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

ஆண்கள் முன்கூடத்தில், பெண்கள் பின்கூடத்தில். ராபியத்து மாமி வந்ததும் வராததுமாக மாடியைத்தான் கேட்டார். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். மூக்கைச் சேலை முந்தானையால் ஒற்றிக்கொண்டார், அதுவே போதும்.

முடுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். எதிர் ஜன்னல் திறந்திருந்தது. ஆள் தெரியவில்லை.

சஹன்களைப் பரத்தி, மாமியின் கூட்டம் உட்காரப் போகிற நேரம். இதற்குமேல் தள்ளினால் எனக்குத் துணிவு வராது என்று தெரிந்தது. அலமாரியைத் திறந்து இரண்டு சோற்றுத் தட்டையும் அந்த மூடிக் கிண்ணத்தையும் கொண்டுவந்து நடுப்பாயில் வைத்தேன். மூடி கிண்ணத்தில் மோதிக் கலகலத்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

“மாமி, சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். என் கல்யாணத்துல இருந்தவஹ இங்கே நிறைய பேர் இருக்காஹ. எங்க சாச்சி அன்னைக்கு ‘கவுத்திப் பாருங்கோ’ன்னு சொன்னாஹ, ஞாபகம் இருக்கா?”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பழைய சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் பயம் விட்டுப்போயிற்று.

“சிரிக்காதீங்கோ. அன்னைக்கு யாரும் கவுக்கல்லை. நானும் கவுக்கல்லை. இப்போ பாருங்கோ.” ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். பக்கத்தில் ஒரு சஹனையும் கவிழ்த்தேன். “ஒரு கீறல் எங்க உம்மா பங்கு. ரெண்டு கீறல் சாச்சி பங்கு. எங்க உம்மாவோட வாப்பா தன் கையால போட்டது. பாதி சாச்சிக்குத்தான். சாச்சி பொய் சொல்லல்லை. பொய் சொன்னது எங்க வீடு. இதை வித்துத்தான் மாடி கட்ட இருந்தேன். இனி எப்போ முடியும்னு தெரியாது.”

ஹஃப்ஸா சுவரோரம் நின்றிருந்தாள், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ராபியத்து மாமி குனிந்து தட்டை எடுத்தார். கீறலைப் பார்த்தார், சஹனைப் பார்த்தார், திரும்பவும் தட்டைப் பார்த்தார். அவரும் நாலு மகளுக்குக் கீறல் போட்டுக் கொடுத்தவர்தானே.

“வேற யாரு ஹக்காவது இந்த வீட்டுல இருக்கா ஜெய்னம்பு? இருந்தா இப்பவே சொல்லிரு.”

“இல்லை மாமி.”

“மாடி இல்லாம நிகாஹ் இல்லை. அதுல மாத்தம் கிடையாது.” மாமி தட்டை மெல்லக் கீழே வைத்தார். “முடியட்டும். காத்திருக்கோம். மோதிரத்தை இன்னைக்கே போட்டுரலாம். ஒளிக்காம சொல்ற வீடு எத்தனை இருக்கு ஊருல!”

மாமியின் கூட்டத்தில் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். சுளித்துக்கொள்ளட்டும். ஹஃப்ஸா அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

அப்போது பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. முடுக்குக் கதவில் ராத்தா நின்றிருந்தாள். பெண்கள் தானாக வழி விட்டார்கள். யாரையும் பார்க்காமல் நேரே வந்து, கிண்ணத்தைத் தூக்கி, கீறல்மேல் கட்டைவிரலால் தடவினாள். ஒரு கீறல். இன்னொரு கீறல். அடியில் வளைகிற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நிமிர்த்தி வைத்து மூடியைச் சரியாகப் பொருத்தினாள்.

“பிரிச்சா விலை போகாதுன்னா சேர்த்தே வில்லு. பாதி எனக்கு” என்றாள். சஹன்களைப் பார்த்துவிட்டு, “பசிக்குது. எந்தச் சஹன்?” என்று கேட்டாள்.

என் சஹனைக் காட்டினேன். எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவளுடைய உம்மா அன்று எழுந்து போனதும் இதே கூடத்திலிருந்துதான். பிஸ்மி சொல்லி, நெய்சோற்றில் கத்திரிக்காய் மாங்காய்க் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

“அழாதளா. ஏற்கெனவே கத்திரிக்காயில உப்புக் கூடிப்போய் இருக்கு.”

நான் சமைத்ததை இந்தத் தெருவில் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. சுருக்கென்று வந்தது. நானும் ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்தேன். ராத்தா சொன்னது நிஜம்தான், உப்புக் கூடித்தான் இருந்தது.